ஒரு வாக்குறுதியும் ஏழு பஞ்ச ஆண்டுகளும்

2009 மார்ச் 25 அன்று அமெரிக்கக் காங்கிரசின் கீழவையில் எரிசக்தி, சூழல் தொடர்பான துணைக்குழு ஒன்று கூடியது. பருவநிலை மாற்றத்தின் விளைவுகளை எதிர்கொள்ள நாடு எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பது அன்றைய பேசுபொருள். இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜான் ஷிம்கஸ் தன் முறை வந்தபோது ஆதியாகமத்தின் எட்டாம் அதிகாரத்திலிருந்து வாசித்தார். ஊழிவெள்ளம் வடிந்தபின், நோவா எழுப்பிய பலிபீடத்தின் முன்னே கடவுள் தன் உள்ளத்தில் சொல்லிக்கொள்ளும் பகுதி அது. மனிதனை முன்னிட்டு இனி நிலத்தைச் சபிப்பதில்லை என்றும், உலகம் இருக்குமட்டும் பருவங்களின் சுழற்சியும் உழவனின் பணியும் நின்றுபோகா என்றும் கடவுள் அங்கே உறுதி கொள்கிறார். இது பிழையற்ற இறைவாக்கு, பூமியின் முடிவைக் குறிப்பவர் கடவுளே, மனிதனால் அதை அழித்துவிட முடியாது என்ற பொருள்படப் பேசினார் ஷிம்கஸ்.

அவர் தனியாள் அல்லர். ஒக்லஹோமாவின் செனட்டராக நெடுங்காலம் இருந்து 2024-ல் மறைந்த ஜேம்ஸ் இன்ஹோஃப், 2012-ல் ஒரு கிறிஸ்தவ வானொலி நிகழ்ச்சியில் இதே வசனத்தைக் காட்டினார். கடவுள் அமைத்த தட்பவெப்பத்தை மனிதன் மாற்றிவிடுவான் என்று நினைப்பதே இறுமாப்பு என்பது அவர் கட்சி. 2015 பிப்ரவரியில் ஒரு பனி உருண்டையைக் கையிலெடுத்துக்கொண்டு செனட்டுக்குள் வந்து, வெளியே எவ்வளவு குளிர்கிறது பாருங்கள் என்று காட்டியவரும் அவரே. அப்போது அவர் செனட்டின் சுற்றுச்சூழல் குழுவுக்குத் தலைவர்.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது நம் இலக்கியச் சூழலில் வழக்கமான ஒரு சிரிப்பு எழுகிறது. மதம் என்றாலே இப்படித்தான், கலிலியோவிலிருந்து இன்றுவரை கதை ஒன்றுதான் என்று ஒரு வரியில் முடித்துவிட்டு நாம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம். அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஷிம்கஸும் அவரைப் பார்த்துச் சிரிப்பவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். அறிவியலை மறுக்கவைப்பது அந்த வசனம்தான் என்று இருவருமே நம்புகிறார்கள், அல்லது நம்புவதாகக் காட்டிக்கொள்கிறார்கள். வசனத்துக்கும் மறுப்புக்கும் அப்படியொரு உறவு இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மறுப்பு வேறோர் இடத்தில் பிறந்து, பின்னர் தனக்கேற்ற வசனத்தைத் தேடிக்கொண்டது.

*

முதலில் நூலையே எடுத்துக்கொள்வோம். ஆதியாகமம் எட்டாம் அதிகாரத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதே நூலின் நாற்பத்தொன்றாம் அதிகாரத்தில் எகிப்தின் பார்வோன் ஒரு கனவு காண்கிறான். கொழுத்த ஏழு பசுக்களை மெலிந்த ஏழு பசுக்கள் தின்றுவிடுகின்றன. சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட யோசேப்பு அதற்குப் பொருள் சொல்கிறான். ஏழாண்டுச் செழிப்புக்குப் பின் ஏழாண்டுப் பஞ்சம் வரப்போகிறது. பின்னர் தன் சகோதரர்களிடம் பேசும்போது, உழவும் அறுவடையும் இல்லாத ஆண்டுகள் இன்னும் ஐந்து இருக்கின்றன என்கிறான். கவனியுங்கள், நோவாவின் பலிபீடத்தின் முன்னால் உறுதி சொல்லப்பட்டது எதைப் பற்றியோ, அதுவே இங்கே இல்லாமல் போகிறது. பஞ்சம் எல்லா நாடுகளிலும் பரவியதாகவே நூல் கூறுகிறது.

ஷிம்கஸின் வாசிப்பு சரியென்றால் யோசேப்பு பார்வோனிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கவலை வேண்டாம் அரசே, அறுவடை ஒருபோதும் நிற்காது என்று எங்கள் கடவுள் சொல்லியிருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் அப்படிச் சொல்லவில்லை. விவேகமுள்ள ஒருவனை அதிகாரியாக அமர்த்து, நல்ல ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவை, நகரங்களில் களஞ்சியங்களை நிரப்பு என்றான். முன்னறிவிப்பை நம்பினான், கொள்கை வகுத்தான், வரி விதித்தான். இன்றைய அமெரிக்க அரசியல் மொழியில் சொன்னால் யோசேப்பு ஒரு பெரிய அரசாங்கத்தின் ஆதரவாளன். விவிலியத்தின் முதல் நூலை எழுதித் தொகுத்தவர்கள் இவ்விரு அதிகாரங்களையும் ஒரே சுருளில் வைத்தபோது அவற்றிடையே முரண் எதையும் காணவில்லை. படைப்பைக் கைவிடமாட்டேன் என்ற வாக்குறுதியும், பஞ்சத்துக்குத் தானியம் சேர்க்கவேண்டிய பொறுப்பும் அவர்கள் மனத்தில் அருகருகே இருந்தன.

புதிய ஏற்பாட்டில் இன்னும் கூர்மையான இடம் ஒன்று உண்டு. பாலைவனச் சோதனையில் பிசாசு இயேசுவை ஆலயத்தின் உச்சிக்குக் கொண்டுபோய், கீழே குதி என்கிறது. வெறுமனே சொல்வதில்லை. தேவதூதர்கள் உன்னைத் தாங்கிக்கொள்வார்கள் என்ற சங்கீத வசனத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சொல்கிறது. இறைவாக்கைப் பொருத்தமாக மேற்கோள் காட்டத் தெரிந்த பாத்திரம் அந்தக் காட்சியில் பிசாசுதான். கடவுளைச் சோதித்துப் பார்க்கலாகாது என்று இயேசு மறுக்கிறார். பாதுகாப்புக்கான வாக்குறுதியைப் பொறுப்பின்மைக்கான உரிமச்சீட்டாக மாற்றுவது நம்பிக்கை ஆகாது, அது நம்பிக்கையின் கேலிச்சித்திரம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? காற்றில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டன் கரியைக் கொட்டிவிட்டு, பருவங்கள் மாறாது என்று எழுதியிருக்கிறது என்பவர் ஆலய உச்சியிலிருந்து குதிப்பவர். அவர் மட்டும் குதித்தாலும் பரவாயில்லை. நம் எல்லோரையும் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு குதிக்கிறார்.

இறுதி நாள் நெருங்கிவிட்டது, பிறகெதற்கு இந்தப் பூமியைப் பற்றிய கவலை என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவர்கள் ஆயுள் காப்பீடு எடுக்கிறார்கள், முப்பதாண்டுக் கடனில் வீடு வாங்குகிறார்கள், பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்குச் சேமிக்கிறார்கள். கரியமில வாயு என்று வரும்போது மட்டும் உலகம் நாளை முடிந்துவிடுகிறது.

*

இனி அறிவியல். கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது எந்தக் கட்சியின் கண்டுபிடிப்பும் அல்ல. 1859-ல் ஜான் டிண்டால் லண்டனில் அதை ஆய்வகத்தில் அளந்தார். 1896-ல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ் அவ்வாயு இரட்டிப்பானால் வெப்பம் எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டார். 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கூடுதலாக வந்த கரி எங்கிருந்து வந்தது என்பதை அதன் ஐசோடோப்புகளே காட்டிக்கொடுக்கின்றன. நிலக்கரியிலும் எண்ணெயிலும் கார்பன்-14 என்றோ சிதைந்து மறைந்துவிட்டது, ஆகவே அவற்றை எரிக்க எரிக்கக் காற்றில் அதன் விகிதம் நீர்த்துப்போகிறது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடேறியிருக்க வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடேற, அதற்கு மேலிருக்கும் ஸ்ட்ராடோஸ்பியர் குளிர்ந்து வருகிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சராசரி வெப்பம் 1.5 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்த முதல் நாட்காட்டி ஆண்டாக 2024 பதிவாகியிருக்கிறது. இவற்றில் எதுவும் எந்த மதத்தின் ஒப்புதலுக்கும் காத்திருக்கவில்லை.

ஆனால் இந்த அறிவியலைத் தொகுத்து உலகின் முன் வைத்தவர்களில் ஒருவர் யார்? வேல்ஸில் பிறந்த ஜான் ஹௌட்டன். ஆக்ஸ்ஃபோர்டில் வளிமண்டல இயற்பியல் பேராசிரியர், பிரிட்டிஷ் வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு 1990, 1995, 2001 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட முதல் மூன்று அறிக்கைகளின் அறிவியல் பகுதிக்குத் தலைமை ஏற்றவர்களில் ஒருவர். 2020-ல் கோவிட் நோயில் மறைந்த இந்த மனிதர், வாழ்நாள் முழுதும் சுவிசேஷ மரபைச் சேர்ந்த தீவிரக் கிறிஸ்தவர். இன்று டெக்சாஸில் பணியாற்றும் வளிமண்டல ஆய்வாளர் கேத்தரின் ஹேஹோவும் அப்படியே, அவருடைய கணவர் ஒரு போதகர். மதமும் அறிவியலும் இயல்பிலேயே பகை என்று சொல்லும் நம் நண்பர்களுக்கு இவர்களை எங்கே வைப்பது என்று தெரியாது. விதிவிலக்குகள் என்பார்கள். தங்கள் கோட்பாட்டோடு பொருந்தாத தரவுகளை விதிவிலக்கு என்று ஒதுக்குவது இன்ஹோஃபின் முறை அல்லவா?

*

அப்படியானால் மறுப்பு எங்கிருந்து வந்தது? பியூ ஆய்வு மையம் 2015-ல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. பூமி சூடேறுவதற்கு மனிதச் செயல்களே முதன்மைக் காரணம் என்று ஏற்றவர்கள், அமெரிக்க வெள்ளைச் சுவிசேஷவாதிகளில் 28 விழுக்காட்டினர். கறுப்பினப் புராட்டஸ்டன்டுகளில் அது 56, லத்தீன் அமெரிக்க வழிவந்த கத்தோலிக்கர்களில் 77. மூன்று தரப்பாரும் வாசிக்கும் ஆதியாகமம் ஒன்றுதான். ஆலயத்துக்குச் செல்வதிலோ விவிலியத்தை மதிப்பதிலோ கறுப்பினச் சபைகள் எவருக்கும் குறைந்தவை அல்ல. வேறுபடுவது வாக்குச்சீட்டு. வெள்ளைச் சுவிசேஷவாதிகளில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஒரே வேட்பாளருக்கு வாக்களித்தார்கள்.

அந்தக் கட்சியும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1992-ல் ரியோ மாநாட்டின் பருவநிலை உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் முதலாம் புஷ். 2008-ல் நியூட் கிங்ரிச், எதிர்க்கட்சித் தலைவி நான்சி பெலோசியோடு ஒரே சோபாவில் அமர்ந்து, பருவநிலைக்காக நாடு செயல்பட வேண்டும் என்று விளம்பரப்படத்தில் பேசினார். தான் தொகுத்த நூலுக்காக ஹேஹோவிடம் ஓர் அத்தியாயமும் எழுதச்செய்தார். அடுத்த தேர்தலில் அதிபர் வேட்பாளராக முயன்றபோது வலதுசாரி வானொலியில் கண்டனம் எழ, அந்த அத்தியாயத்தைத் தூக்கிவிட்டதாகப் பிரச்சாரக் கூட்டத்தில் அறிவித்தார். இந்த மூன்றாண்டுகளில் விவிலியத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. வளிமண்டலத்தின் இயற்பியலும் மாறவில்லை.

ரிச்சர்ட் சைசிக்கின் கதை இதைவிடத் துயரமானது. அமெரிக்கச் சுவிசேஷ சபைகளின் தேசியக் கூட்டமைப்புக்காக வாஷிங்டனில் குரல் கொடுத்துவந்தவர் அவர். 2002-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஒரு கூட்டத்தில் ஹௌட்டனின் உரையைக் கேட்டார். அதன்பின் தன்னுள் நிகழ்ந்த மாற்றத்தை, தான் கிறிஸ்துவை ஏற்ற தருணத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். 2006-ல் 86 சுவிசேஷத் தலைவர்கள் பருவநிலைக்காகச் செயல்படக் கோரி அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு கதவு திறப்பதுபோல் இருந்தது. 2007-ல் ஜேம்ஸ் டாப்சன் உள்ளிட்டோர், சைசிக்கைக் கட்டுப்படுத்துங்கள் அல்லது விலக்குங்கள் என்று கூட்டமைப்புக்கு எழுதினார்கள். அக்கடிதத்தின் குறை என்ன தெரியுமா? கருக்கலைப்பு, திருமணம், பாலொழுக்கம் ஆகிய மாபெரும் அறப்பிரச்சினைகளிலிருந்து கவனம் திசைதிரும்புகிறது என்பது. ஒரு கூட்டணியின் நிகழ்ச்சிநிரல் கலைந்துவிடுமோ என்ற அச்சமே அதில் தெரிகிறது. கூட்டமைப்பு அப்போது இணங்கவில்லை. 2008 டிசம்பரில் ஒருபாலினத்தவரின் சட்டபூர்வ இணைவுகள் பற்றி ஒரு வானொலிப் பேட்டியில் மென்மையாகப் பேசியதற்காக அவர் பதவி விலக நேர்ந்தது. பருவநிலைக்காக அவரை நீக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பட்டியலிலிருந்து எவர் ஒரு வரியைப் பிசகினாலும் தப்ப முடியாதோ, அந்தப் பட்டியலின் இயல்பைத்தான் சுட்டுகிறேன். அது எந்த ஞானசபையும் கூடி எழுதிய விசுவாச அறிக்கை அல்ல, ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கை.

இன்னொன்றும் உண்டு. ஒக்லஹோமா எண்ணெய் பூமி. தெற்கு இலினாய் நிலக்கரி பூமி. அங்கே வாழ்பவர்களின் ஊதியமும் ஊரின் பெருமையும் அந்தக் கறுப்புப் பொருளில் இருக்கின்றன. அவர்களுடைய அச்சம் உண்மையானது, மதிக்கத்தக்கது. எங்கள் வேலை போய்விடும் என்று அவர்களுடைய பிரதிநிதி அவையில் சொல்லியிருந்தால் அது நேர்மையான வாதம், அதற்கு நேர்மையான பதிலும் சாத்தியம். அந்த அச்சத்தின் மேல் நோவாவின் பேழையைக் கவிழ்த்து மூடியதுதான் குற்றம்.

*

எதிர்த்தரப்பின் ஆகச் சிறந்த வாதத்தைப் பேசாமல் விட்டுவிடக் கூடாது. 2000-ல் வெளியான கார்ன்வால் பிரகடனமும், அதே வட்டாரத்திலிருந்து 2009-ல் வந்த அறிக்கையும் ஏழைகளை முன்னிறுத்துகின்றன. வறிய நாடுகள் முன்னேற மலிவான எரிபொருள் வேண்டும், அதைத் தடுப்பது அவர்களைக் கொல்வது என்கின்றன. இதில் உண்மை உண்டு. ஓர் அமெரிக்கரின் சராசரி கரியமில வாயு வெளியீடு ஆண்டுக்குச் சுமார் 14 டன், ஓர் இந்தியருடையது சுமார் 2 டன். விறகடுப்பின் புகையில் இருமும் பெண்ணிடம் சிக்கனம் போதிக்க எவருக்கும் யோக்கியதை இல்லை.

ஆனால் இந்த வாதம் எதை நிறுவுகிறது? குறைக்கவேண்டியவர் 14 டன் காரர் என்பதை நிறுவுகிறது. பங்கீடு நியாயமாக இருக்கவேண்டும் என்பதை நிறுவுகிறது. பூமி சூடேறவில்லை என்பதை அது நிறுவவில்லை. 2009 அறிக்கையோ இந்த இடத்தில் ஒரு தாவல் தாவுகிறது. கடவுள் படைத்த பூமி வலுவானது, தன்னைத் தானே சீர்செய்துகொள்வது, ஆகவே கேடு எதுவும் பெரிதாக விளையாது என்கிறது. ஏழையின் பசியில் தொடங்கி இயற்பியல் மறுப்பில் போய் இறங்குகிறது. ஏழைகளின் பெயரால் பேசுகிறவர்கள், கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் மூழ்குவது எவருடைய குடிசை, வெயில் கூடினால் முதலில் சுருண்டுவிழுவது எந்த வயல்தொழிலாளி என்றும் சொல்லியாக வேண்டும்.

மறுபக்கத்திலும் ஒரு சோம்பல் உண்டு. வரலாற்றாசிரியர் லின் வைட் 1967-ல் சயன்ஸ் இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை, படிக்காமலே மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர். பூமியை ஆண்டுகொள் என்ற ஆதியாகமக் கட்டளையே மேற்கின் சூழல் அழிவுக்கு வேர் என்று அவர் சொன்னதாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மேலைக் கிறிஸ்தவத்தின் மீது அவர் கடுமையான பழியைச் சுமத்தினார் என்பது உண்மை. ஆனால் அவரே ஒரு கிறிஸ்தவர். சிக்கலின் வேர் மதத்தில் இருப்பதால் தீர்வும் மதத்தன்மை கொண்டதாகவே இருக்கமுடியும் என்று கருதியவர். அசிசியின் பிரான்சிசைச் சூழலியலாளர்களின் காவல் புனிதராகக் கொள்ளலாம் என்ற முன்மொழிவோடுதான் அக்கட்டுரை முடிகிறது. 1979-ல் இரண்டாம் ஜான் பால் அதைத் திருச்சபையின் அறிவிப்பாகவே ஆக்கினார். அந்தப் புனிதரின் பெயரைச் சூடிய போப் பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட சுற்றுமடல், ஆளுகை என்பதற்குச் சூறையாடல் என்று பொருளில்லை என்றது. முதல் மனிதனுக்குத் தோட்டத்தில் தரப்பட்ட வேலையைக் குறிக்கும் எபிரேயச் சொற்களுக்குப் பணிசெய்தல், காவல்காத்தல் என்ற பொருள்கள் உண்டு. 2023-ல் அவர் மீண்டும் எழுதியபோது, வெளிப்படையான உண்மைகளைத் தன் திருச்சபைக்கு உள்ளேயே திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறதே என்ற சலிப்பு அதில் ஒலித்தது. 2025-ல் அவர் மறைந்தார். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து இரண்டாம் முறையாக விலகுவதாக அறிவித்தது.

*

யோசேப்பின் கதைக்குத் திரும்புகிறேன், ஏனெனில் அதன் முடிவை நான் இன்னும் சொல்லவில்லை. ஞாயிறு வகுப்புகளிலும் அதை அதிகம் சொல்வதில்லை. நாற்பத்தேழாம் அதிகாரத்தில் பஞ்சம் முற்றுகிறது. களஞ்சியம் நிறைந்திருக்கிறது. ஆனால் தானியம் விலைக்குத்தான் கிடைக்கிறது. மக்கள் முதலில் பணத்தைக் கொடுக்கிறார்கள். பணம் தீர்ந்ததும் கால்நடைகளை. அதுவும் தீர்ந்ததும் நிலத்தையும் தங்களையும் கொடுத்துப் பார்வோனின் அடிமைகளாகிறார்கள். உயிர் பிழைத்தார்கள். பேரிடரை முன்னறிந்த அதே அறிவு, பேரிடரில் தவித்தவர்களை உடைமை அற்றவர்களாக்கவும் பயன்பட்டது.

பஞ்சம் வருமா வராதா என்பதை அறிவியல் சொல்லும், சொல்லிவிட்டது. களஞ்சியத்தின் சாவி எவர் கையில் இருக்கவேண்டும், தானியத்துக்கு விலையாக எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்பதை எந்த வெப்பமானியும் சொல்லாது. அங்கேதான் மதத்துக்குப் பேசும் உரிமையும் கடமையும் இருக்கின்றன. வறியவன், அந்நியன், விதவை, அனாதை என்று ஓயாமல் பேசிய ஒரு மரபுக்கு, வரப்போகும் நூற்றாண்டில் சொல்வதற்கு ஏராளம் இருந்திருக்கும்.

அந்தக் களஞ்சிய வாசலில் நின்று பேசியிருக்க வேண்டிய குரல், வெப்பமானி பொய் சொல்கிறது என்று முப்பதாண்டுகளாக வாதிட்டுக்கொண்டிருக்கிறது. அறிவியலுக்கு இதனால் பெரிய நட்டமில்லை, அளவீடுகள் அவை பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். நட்டம் அந்த மரபுக்கு, அதன் சொல்லுக்காகக் காத்திருக்கும் எளியவர்களுக்கு. ஷிம்கஸைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்துபோகும் நாமும், அந்தக் குரல் நமக்குத் தேவையே இல்லை என்று முடிவுகட்டிவிட்ட அளவில், இந்த நட்டத்துக்கு உடந்தை.